மணியும் அம்மோனியாவும்

பாளையங்கோட்டையில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டுப் புறவாசலில் அடித்த நாய் மூத்திர நாற்றத்தை விரட்ட நான் செய்த காரியங்களை ஒரு பிளஸ் ஒன் பையன் செய்திருந்தால், செய்முறைத் தேர்வில் நானே அவனை ஃபெயில் போட்டிருப்பேன்.

நாயின் பெயர் மணி. ராஜபாளையம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வளர வளர அந்த ஊர் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது அவனைப் பார்த்து யாரும் இனம் கேட்பதில்லை.

அவன் வந்த புதிதில் புறவாசல் வெறும் மண் தரை. ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி, துவைக்கிற கல். எங்கே காலைத் தூக்கினாலும் மண் குடித்துவிடும். யாரும் மூக்கைப் பொத்தியதில்லை. ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் எனக்குச் சேறும் சருகும் கண்ணை உறுத்த ஆரம்பித்தன. சுவரிலிருந்து சுவர் வரை சிமென்ட் போட்டேன். கறிவேப்பிலைத் தூருக்கு மட்டும் ஒரு சாண் மண் விடச் சொல்லி மனைவி சண்டை பிடித்ததால் அது பிழைத்தது. அடுத்த கோடையிலேயே நாற்றம் தொடங்கிவிட்டது. பழி மணி மேல்.

வழக்கம்போல ஃபினாயிலில் ஆரம்பித்தேன். காலையில் ஊற்றினால் பத்து மணி வரை ஃபினாயில் வாடை, அதற்குப் பிறகு இரண்டு வாடையும் சேர்ந்து. மணி ஒருமுறை மோந்து பார்ப்பான், தன் முகவரி அழிந்துவிட்டதே என்ற கவலையோடு அதே இடத்தில் மறுபடி காலைத் தூக்குவான். ஊசி போட வந்த கால்நடை மருத்துவர்தான் திட்டினார். தரையில் கிடக்கும் ஃபினாயில் நாயின் பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கினால் வயிற்றுக்குள் போகும்; பூனை இருக்கிற வீடென்றால் இன்னும் மோசமாம்.

நாற்றத்தின் காரணம் எனக்குத் தெரியாதது அல்ல. மூத்திரத்தில் இருப்பது யூரியா. அதற்கென்று பெரிய நாற்றம் கிடையாது. தரையில் இருக்கும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைக்கும்போதுதான் அம்மோனியா கிளம்புகிறது. யூரியாவைப் பற்றி நான் நடத்தாத பாடமா? 1828-இல் ஃப்ரீட்ரிக் வோலர் அதைச் சோதனைச்சாலையில் தயாரித்துவிட்டு, மனிதனின் சிறுநீரகமும் வேண்டாம், நாயின் சிறுநீரகமும் வேண்டாம், யூரியா செய்துவிட்டேன் என்று தன் ஆசான் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். வோலர் கொடுத்து வைத்தவர். நாய் இல்லாமலேயே முடித்துக்கொண்டார்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் ஒரு நாள் சுண்ணாம்புத் தூள் மூட்டையோடு வீட்டுக்கு வந்தேன். அமைச்சர் யாராவது வருகிறார் என்றால் எங்கள் தெரு ஓரத்தில் வெள்ளைக் கோடு போடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, சுத்தம் என்றால் வெள்ளை என்று மனதில் பதிந்திருக்க வேண்டும். நாற்றம் அதிகமாக இருந்த மோட்டார் மூலையில் கை நிறைய அள்ளித் தூவினேன். தூள் பறக்கிறதே என்று தண்ணீரும் தெளித்தேன். நல்ல உச்சி வெயில். சற்று நேரத்தில் கண் எரிந்தது, மூக்கு எரிந்தது. மணி கறிவேப்பிலை பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டு தும்மினான். அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது: “ஏங்க, சிலிண்டர் எதுவும் கசியுதா?”

அப்போதுதான் உறைத்தது. நவச்சாரத்தோடு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வரும். ஆய்வகத்தில் வருஷா வருஷம் நான் செய்து காட்டியது அது. கண்ணாடிக் குச்சியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தொட்டுக் குழாயின் வாயருகே பிடிப்பேன். வெண்புகை கிளம்பும், பையன்கள் ஆவென்று பார்ப்பார்கள். அதே வினையைத்தான் வீட்டில் நடத்தியிருக்கிறேன். நவச்சாரத்துக்குப் பதில் மணியின் கைங்கரியம், அடுப்புக்குப் பதில் பாளையங்கோட்டை வெயில். சுண்ணாம்பு காரம்; தரையில் ஊறிக் கிடந்த அம்மோனியம் உப்பையெல்லாம் வாயுவாக்கி வெளியே தள்ளிவிட்டது. விஷயத்தை மனைவியிடம் விளக்கினேன். “பிள்ளைகளுக்கு இதத்தான் சொல்லிக் குடுத்தீங்களாக்கும்?” என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

பிளீச்சிங் பவுடர் கதை வேண்டாம். அம்மோனியா உள்ள இடத்தில் அதைப் போட்டால் குளோரமின் வாயு வரும், தொண்டையைப் பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். இருமிக்கொண்டே சொல்கிறேன்.

காரம் கெடுத்ததை அமிலம் திருத்தும் என்று அடுத்த யோசனை. வினிகரில் அசிட்டிக் அமிலம் நான்கைந்து சதவீதம் இருக்கும். அம்மோனியாவை அடக்க அது போதும். அதோடு நின்றிருக்கலாம். ஆப்ப சோடாவும் நாற்றத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து இரண்டையும் ஒரே வாளியில் கலந்தேன். நுரை பொங்கியது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் கைதட்டினான், “தாத்தா, இன்னொரு தடவை!” அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகு வாளியில் மிஞ்சியது கொஞ்சம் சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். வினிகரை மட்டும் தனியாக ஊற்றியபோது நாற்றம் குறைந்தது உண்மைதான். ஆனால் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பதித்திருந்த கடப்பாக்கல் பளபளப்பு போய் வெளுத்துவிட்டது. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, அமிலம் பட்டால் அரிக்கும். இதுவும் நான் நடத்திய பாடம்தான்.

நடுவே எதிர்வீட்டு அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு, சொட்டு நீலம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிச் சுவரோரம் வைத்தேன். நம் ஊரில் பாதி வாசல்களில் இந்தப் பாட்டில் நிற்கிறது. நாய்க்கு நீலம் நன்றாகவே தெரியும், பயப்படுவதற்கு அதில் எதுவும் இல்லை. சுவரில் போய்க்கொண்டிருந்தவன் பாட்டில் மேலேயே போக ஆரம்பித்தான்.

கடைசியாக, விலை கூடிய ஒரு நொதித் திரவம். லேபிளில் ‘யூரிக் அமிலப் படிகங்களை அழிக்கும்’ என்று போட்டிருந்தது. பெரும்பாலான நாய்கள் யூரிக் அமிலத்தை உடம்புக்குள்ளேயே அலன்டாயினாக மாற்றிவிடும். டால்மேஷன் போன்றவைதான் விலக்கு. மணி வேறு என்னவாக இருந்தாலும் டால்மேஷன் இல்லை. ஆனாலும் திரவத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஈரம் காயாமல் வைத்திருந்தால்தான் நொதி வேலை செய்யும். நான் அதை ஊற்றியது நண்பகலில், அதுவும் பழைய பழக்கத்தில் காலையில்தான் ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்த தரையில். திரவத்தில் உயிரோடு வந்த பாக்டீரியாக்கள் அன்று பட்டதை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

தீர்வு வேறு பக்கமிருந்து வந்தது. ஆடிக்கொண்டிருந்த துவைக்கிற கல்லைச் சரிசெய்ய ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தேன். வந்தவர் மூக்கைச் சுளித்தார், எதுவும் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். தண்ணீர் கொஞ்ச தூரம் போனது, யோசித்தது, மெல்ல வளைந்து மோட்டார் மூலையில் போய்த் தேங்கியது.

“சார், வாட்டமே இல்ல. தண்ணி இங்கனயே நிக்கி பாருங்க. இத யார் போட்டது?”

போட்டவர் மேல் குற்றமில்லை. “சாக்கடைப் பக்கம் கொஞ்சம் வாட்டம் விடணும் சார்” என்று அவர் அன்றைக்கே சொன்னார். தரை கோணலாகத் தெரியும் என்று மறுத்து, அவருடைய ரசமட்டத்தைக் கையில் வாங்கி, குமிழி நட்டநடுவில் நிற்கும் வரை அவரை விடாமல் பிடுங்கியவன் நான். மணியும் பாவம், அவன் விட்டது எங்கேயும் போகாமல் அந்த மூலையில் தேங்கி, சிமென்ட்டின் நுண்துளைகளில் இறங்கி, வெயிலில் காய்ந்து, ஈரம் பட்டதும் மறுபடி கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது மதில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குச் சிமென்ட்டை உடைத்து, அடியில் ஜல்லியும் மேலே மண்ணும் போட்டாயிற்று. மீதித் தரைக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வைத்து மேல்பூச்சு. சங்கிலியில் பிடித்துப்போய், மண்ணில் பெய்தால் பிஸ்கட் என்று மணிக்குப் பழக்கினோம். தவறிச் சிமென்ட்டில் பெய்தால் காய்வதற்குள் ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவுதான் வைத்தியம். மழைக்கு முந்தின புழுக்கத்தில் மட்டும் பழைய வாடை லேசாக எட்டிப் பார்க்கும். கருத்தடை செய்தால் அங்கங்கே அடையாளம் வைப்பதும் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதற்கு நாள் குறித்திருக்கிறோம்.

வீட்டில் பிரிக்காத ஃபினாயில் பாட்டில்களும் முக்கால் மூட்டைச் சுண்ணாம்பும் கிடக்கின்றன. வெள்ளையடிக்கிறவர்கள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகலாம். நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.