மேட்டுக்கு அப்பால் ஒரு குழி

கே: கோல்ஃப் என்றாலே வழுவழுவென்ற புல்தரை, நடுவில் ஒரு குளம், ஓரமாக மரங்கள். அதை விட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறி இறங்கி ஆட வேண்டும் என்று என்ன வேண்டுதல்?

ப: நீங்கள் சொல்லும் குளமும் மரமும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் வளர்ந்தது கடலோர மணல்மேடுகளில்தான். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, ஏர் பூட்டினால் எதுவும் தேறாத நிலம். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். வேறு எவரும் சொந்தம் கொண்டாடி வரமாட்டார்கள். அதனால் பந்தும் கையுமாகத் திரிந்தவர்களுக்கு அது வாய்த்தது. அப்படிப்பட்ட நிலத்துக்கு லிங்க்ஸ் என்று பெயர்.

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் லாஹிஞ்ச் பற்றியவை. எனக்கும் அதில்தான் ஆசை அதிகம் என்பதால் அங்கேயே போய்விடுவோம். கிளேர் கவுண்டியில் அட்லாண்டிக்கை ஒட்டிய சின்ன ஊர். லிமரிக்கில் முகாமிட்டிருந்த பிளாக் வாட்ச் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் அதிகாரிகள் சிலரோடு உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து 1892இல் கிளப்பைத் தொடங்கினார்கள். கடல் கொண்டுவந்து போட்ட மணலைக் காற்று குவித்து மேடாக்கியிருக்கிறது. அந்த மேட்டைப் பிடித்து நிறுத்துவது மாரம் என்ற முரட்டுப் புல். மணல் மூட மூட அது மேலே மேலே வளரும், வேரும் கூடவே ஏறும். அடியெல்லாம் மணல் என்பதால் பெய்த மழை உள்ளே இறங்கிவிடும். தரை கெட்டியாக இருக்கும், பந்து நன்றாக ஓடும். மழை விட்டதும் மறுபடி ஆடலாம். களிமண் மைதானத்தில் குளிர்கால மழைக்குப் பிறகு சேற்றில் கால் வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கே: அங்கே ஒரு குழியில், கொடியும் தெரியாது கிரீனும் தெரியாது, மேட்டைப் பார்த்துப் பந்தை அடிக்க வேண்டுமாமே? இது கோல்ஃபா, உறியடியா?

ப: உறியடியில் கயிற்றை ஒருவன் இழுத்து நம்மை ஏமாற்றிக்கொண்டே இருப்பான். இங்கே உண்மை சொல்ல ஒரு கல் இருக்கிறது.

நீங்கள் கேட்பது ஐந்தாவது குழி, பெயர் டெல். 150 கெஜம் சொச்சம் நீளம், பார் மூன்று, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. முதல் அடி அடிக்கும் டீயில் நின்றால் எதிரே செங்குத்தாக ஒரு மணல்மேடு, மேலிருந்து கீழ்வரை புல். அதற்குப் பின்னால் இன்னொரு மேடு. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், அகலவாக்கில் ஒடுக்கமாகக் கிரீன் படுத்திருக்கிறது. டீயிலிருந்து பார்த்தால் அதில் ஒரு துளி தெரியாது. தெரிவது முன்மேட்டின் மேல் வைத்திருக்கும் ஒரு வெள்ளைக் கல் மட்டும். அன்றைக்குக் கொடி எங்கே நடப்பட்டிருக்கிறதோ அதற்கு நேராகக் கல்லையும் நகர்த்தி வைத்துவிடுவார்கள். ஆக, திசையைக் கல் சொல்லிவிடும். தூரத்தை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அதுதான் இங்கே வினை. ஒரு கிளப் குறைத்து எடுத்தால் பந்து முன்மேட்டின் மூஞ்சியில் மோதிப் புல்லுக்குள் சொருகிக்கொள்ளும். கூட்டி எடுத்தால் பின்மேட்டில் விழும். சரிவில் உருண்டு கிரீனுக்கு வந்தாலும் வரும், முட்டிவரை வளர்ந்த புல்லில் தங்கினாலும் தங்கும்.

அடித்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகப் பிடித்தது. பந்து கல்லுக்கு மேலாகப் போய் மறைகிறது. நால்வரும் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றி நடக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நிமிடம் நாலு பந்தும் குழிக்குப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. கிரீன் கண்ணுக்குத் தெரிகிற குழியில் அடித்த கணமே தீர்ப்பு வந்துவிடும். இங்கே வாய்தா கிடைக்கிறது.

கே: நல்ல அடிக்கு நல்ல பலன் கிடைக்க வேண்டாமா? கண்ணுக்குத் தெரியாத இலக்கு என்பது திறமைக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

ப: நூறு வருஷமாக நடக்கும் வழக்கு இது. நான் மேட்டின் கட்சி.

முதலில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத குழி ஒருவனுக்கு முதல் தடவைதான் தெரியாத குழி. மேட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டால் கிரீன் எங்கே, எவ்வளவு ஒடுக்கம், எந்தப் பக்கம் சரிவு என்பதெல்லாம் மனசில் பதிந்துவிடும். அடுத்த முறை ஆடும்போது கண் செய்ய வேண்டிய வேலையை ஞாபகம் செய்கிறது. அதுவும் திறமைதான். டீயிலிருந்து எல்லாமே தெரிகிற மைதானத்தில் அந்தத் திறமைக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, இந்தக் குழிகள் யாரையும் வதைப்பதற்கென்று உட்கார்ந்து யோசித்துச் செய்தவை இல்லை. 1894இல் லாஹிஞ்ச் மைதானத்தை வகுத்துக் கொடுக்க செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து ஓல்டு டாம் மாரிஸ் வந்தார். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை நாலு தடவை வென்றவர், அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. புல்டோசர் கிடையாது. மேட்டைத் தள்ளிவிட்டுக் கிரீன் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம். நடந்து பார்ப்பார், இயற்கையாகவே கிரீனுக்குத் தோதாக அமைந்த பள்ளம் எது என்று கண்டுபிடிப்பார், அங்கே குழி தோண்டச் சொல்வார். நடுவில் மேடு நின்றால் மேட்டைத் தாண்டி அடி. மேடு முதலில் வந்தது, ஆட்டம் பிற்பாடு வந்தது. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

டெல்லுக்கு முந்தைய நாலாவது குழி இன்னும் சேட்டைக்காரப் பிள்ளை. பெயர் க்ளான்டைக். பார் ஐந்து. முதல் அடி மேடுகளுக்கு நடுவே ஒரு சந்து போன்ற புல்வெளியில் விழும். நிமிர்ந்து பார்த்தால் பாதையின் குறுக்கே மலை மாதிரி ஒரு மணற்குன்று. இரண்டாவது அடி அதற்கு மேலாகத்தான் போயாக வேண்டும். போதாக்குறைக்குப் பதினெட்டாவது குழிக்கு ஆடிக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் பக்கமாகக் குறுக்கே வருவார்கள். அதனால் குன்றின் உச்சியில் ஓர் ஆளைக் கொடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று அவர் காட்டிய பிறகுதான் அடிக்க வேண்டும். பாதுகாப்புக்கு ஆள் போட்டார்களே தவிர, குன்றின் மேல் கை வைக்கவில்லை பாருங்கள். அந்த முடிவுக்காகவே இந்த ஊர்க்காரர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. இருபதாம் நூற்றாண்டில் எத்தனையோ மைதானங்களில் நியாயம் என்ற பெயரில் இப்படிப்பட்ட மேடுகளைச் சீவித் தள்ளிவிட்டார்கள். சீவிய மேட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காற்று எத்தனையோ தலைமுறையாகச் செய்த வேலை அது.

கே: அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை வடிவமைத்த மெக்கன்சிதான் லாஹிஞ்சையும் வடிவமைத்தார் என்கிறான் நண்பன். பந்தயம் கட்டியிருக்கிறேன். யார் ஜெயித்தது?

ப: காசைக் கொடுத்துவிடுங்கள், ஆனால் முழுசாகக் கொடுக்க வேண்டாம். அலிஸ்டர் மெக்கன்சி 1927இல் வந்து மைதானத்தைப் பெருமளவு மாற்றி அமைத்தார். கடலை ஒட்டிய மேடுகளை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து செய்த அகஸ்டா அதற்குப் பிறகுதான், 1933இல் திறப்பு. ஆனால் டெல்லும் க்ளான்டைக்கும் மாரிஸ் காலத்துச் சொத்து. மெக்கன்சி அவை இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார். உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பார்கள்.

மெக்கன்சி மருத்துவம் படித்தவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ராணுவ மருத்துவராகப் போன இடத்தில், போயர் வீரர்கள் நிலத்தோடு நிலமாக மறைந்து நின்று சண்டை போட்டதைக் கவனித்தார். மனிதன் வெட்டிய பள்ளத்தை இயற்கைப் பள்ளம் போலக் காட்டும் அந்த வித்தையைப் பிற்பாடு பங்கர் வெட்டுவதில் காட்டினார். அவர் போட்ட அலை அலையான கிரீன்கள் சில பின்னாளில் தட்டையாக்கப்பட்டன. 1999இல் தொடங்கிச் சில வருஷங்கள் வேலை பார்த்து, மைதான வடிவமைப்பாளர் மார்ட்டின் ஹாட்ரி அந்தப் பழைய குணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

கே: லாஹிஞ்சில் ஆடுகிறவர்கள் ஆட்டைப் பார்த்துத்தான் ஆடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாமே!

ப: ஆமாம். மேடுகளில் சுதந்திரமாக மேயும் ஆடுகள் அங்கே உண்டு. அவை தொலைவில் மேட்டின் மேல் மேய்ந்தால் வானம் தெளிவாக இருக்கும். கிளப் கட்டடத்தின் ஓரம் வந்து ஒண்டிக்கொண்டால் மழை. கிளப்பில் மாட்டியிருந்த வானிலைக் கருவி பழுதானபோது ‘ஆடுகளைப் பார்க்கவும்’ என்று அதில் ஒரு சீட்டு எழுதி மாட்டிவிட்டார்கள். கிளப்பின் சின்னத்திலும் ஆடுதான் நிற்கிறது. புயல் வருமுன் காற்று பலப்படுவதை மறைவு தேடும் பிராணி நமக்கு முன்னால் உணர்ந்துவிடுகிறது. இதில் நம்பாமல் இருக்க எதுவும் இல்லை.

கே: அந்தக் காற்றில் பந்து எப்படித்தான் நேராகப் போகும்? பலமாக அடிப்பதா?

ப: பலமாக மட்டும் அடித்துவிடாதீர்கள். எதிர்க்காற்றில் எல்லோரும் செய்யும் தப்பு அது. ஓங்கி அடிக்க அடிக்கப் பந்து பின்பக்கமாகச் சுழலும் வேகம் கூடுகிறது. அந்தச் சுழற்சிதான் பந்தை மேலே தூக்குவது. எதிர்க்காற்று சேர்ந்தால் இன்னும் தூக்கும். பந்து ஜிவ்வென்று மேலே ஏறி, அங்கேயே நின்று, பாதி வழியில் பொத்தென்று விழும். 46 கிராம்கூட இல்லாத பொருளைக் காற்றோடு மல்லுக்கு அனுப்பினால் காற்றுதான் ஜெயிக்கும்.

பழகியவர்கள் செய்வது வேறு. ஏழாம் நம்பர் அயர்ன் போதும் என்று தோன்றும் தூரத்துக்கு ஐந்தாம் நம்பரை எடுப்பார்கள். பந்தைப் பின்காலுக்குக் கொஞ்சம் நெருக்கமாக வைத்து, கைப்பிடியைச் சற்று இறக்கிப் பிடித்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடிப்பார்கள். பந்து தாழப் பறந்து, கிரீனுக்கு முப்பது கெஜம் முன்னாலேயே தரையில் இறங்கி, மீதித் தூரத்தை உருண்டே போகும். கெட்டித் தரை என்று சொன்னேனே, அதன் பயன் இங்கேதான். கிரீனுக்கு வெளியே இருபது கெஜத்திலிருந்து பட்டரால் தள்ளிவிடுவதில்கூட அங்கே வெட்கம் இல்லை. சரிவைச் சரியாகக் கணித்தால் அதைவிட நல்ல அடி கிடையாது. ஆகாயத்தில் ஆடிப் பழகியவனுக்கு இதெல்லாம் முதலில் ஏமாற்று வேலையாகத் தோன்றும்.

கே: மேட்டுப் புல்லுக்குள் போன பந்தைத் தேடிக்கொண்டே இருந்தால் சாப்பாட்டு வேளை தாண்டிவிடாதா?

ப: தாண்டாது. 2019 முதல் மூன்றே நிமிடம்தான். அதற்கு முன்பு ஐந்து. சந்தேகம் வந்தால் தேடப் போகும் முன்பே, தற்காலிகப் பந்து என்று கூட ஆடுகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவையுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே உங்கள் பந்து, தண்டனை அடியும் சேரும்; பழைய பந்து காலடியில் கிடைத்தாலும் பிரயோஜனமில்லை.

கே: 2019 ஐரிஷ் ஓப்பனின் கடைசி நாளில் யோன் ராம் அங்கே 62 அடித்தார். அப்புறம் என்ன பெரிய கஷ்டமான மைதானம்?

ப: கஷ்டமான மைதானம் என்று நான் எங்கே சொன்னேன்? ராம் பாருக்கு 16 குறைவாக முடித்து, இரண்டு அடி வித்தியாசத்தில் கோப்பையை வாங்கிப் போனார். மிகப் பொருத்தமான முடிவு. உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவர் கல்லைப் பார்த்து அடித்து, கொடிக்காரரின் சைகைக்குக் காத்திருந்து 62 எடுத்திருக்கிறார் என்றால் அநியாயம் என்ற குற்றச்சாட்டு அங்கேயே விழுந்துவிடுகிறது. நன்றாக ஆடியவர்தான் ஜெயித்தார். இன்னும் பழைய சாட்சி வேண்டுமா? 1895 முதல் அங்கே நடக்கும் தென் அயர்லாந்து அமெச்சூர் போட்டியை, அந்த ஊர்க்காரரான ஜான் பர்க் 11 முறை வென்றார். வெறும் அதிர்ஷ்டம் ஒரே ஆளைத் தேடிப் பதினோரு தடவை வராது.

கே: இப்படிப்பட்ட குருட்டுக் குழி உலகத்தில் வேறெங்கும் உண்டா?

ப: ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக். 1860இல் முதல் ஓப்பன் நடந்த இடம். எட்டே பேர் ஆடினார்கள், மைதானத்தில் அப்போது 12 குழிதான். இமயமலை என்றே பெயர் வைத்த ஒரு குழியும், ஆல்ப்ஸ் என்று ஒரு குழியும் அங்கே இருக்கின்றன. ஆல்ப்ஸில் கிரீனைக் காலி செய்ததும் மணி அடிக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். 1925க்குப் பிறகு ஓப்பன் அங்கே திரும்பவில்லை. கூட்டம் அத்தனை நெருக்கமான இடத்தில் அடங்கவில்லை.

கே: அயர்லாந்து போகிறேன். ஒரே ஒரு நாள்தான் ஆட முடியும். லாஹிஞ்சா, பாலிபுனியனா?

ப: பாலிபுனியன் 1893இல் தொடங்கியது, கெர்ரி கவுண்டி. மேடுகள் அங்கே இன்னும் உயரம், கடல் இன்னும் பக்கம். அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் மயங்கிப்போய்த் திரும்பத் திரும்ப வந்து, 2000இல் அந்த கிளப்புக்கு கேப்டனாகவே ஆனார். முதல் டீயின் வலப்பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வலது பக்கம் வளைத்து அடிக்கிற பழக்கம் இருந்தால் அன்று காலையிலேயே திருத்திக்கொள்ள நல்ல தூண்டுதல்.

இருந்தாலும் ஒரு நாள்தான் என்றால் லாஹிஞ்சுக்கே போங்கள். வண்டியைத் தவிர்த்துவிட்டு உள்ளூர் கேடி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். டெல்லில் அவர் எடுத்துக் கொடுக்கும் கிளப்பை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டின் அந்தப் பக்கத்தை அவர் ஆயிரம் முறை பார்த்திருப்பார்.

கே: ஆடத் தெரியாதவன் சும்மா வேடிக்கை பார்க்கலாமா?

ப: தாராளமாக. 2026 வாக்கர் கோப்பைக்கு லாஹிஞ்ச்தான் களம். அமெரிக்க அமெச்சூர்கள் ஒரு பக்கம், பிரிட்டன்-அயர்லாந்து அமெச்சூர்கள் மறுபக்கம். அங்கே நடக்கும் எந்தப் போட்டியானாலும் டெல் கிரீனுக்குப் பின்மேட்டில் இடம் பிடியுங்கள். பந்து எங்கே விழுந்தது என்பது அடித்தவனுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். நல்ல அடி என்றால் வாய்விட்டுக் கத்துங்கள். டீயில் நிற்பவனுக்கு அதுதான் முதல் தகவல்.