யாழ்ப்பாணப் பயண ஆயத்தம்: இரு பிரிவுகள்

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றரை மோட்டார் சைக்கிளில் கடக்கத் துணியும் அறுபது தாண்டிய ஆடவரின் ஆயத்தம் வண்டிக்குரியது, உடலுக்குரியது என இரு பிரிவினது. முதலாவதில் குறையே இராது; வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பலமுறை சென்று, கிளச் வயர், பிளக், ரியூப் ஆகியவற்றை இரட்டையாகச் சேர்த்துவைப்பார். வருமான அனுமதிப்பத்திரம், அதாவது வாகனத்துக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய வரிச் சான்று, பெறுவதற்காக வண்டி புகைப் பரிசோதனைக்கு உட்படுகின்றது. இரண்டாவதிலோ, ஓட்டுபவரின் முழங்காலை அவ்வாறு ஆண்டுதோறும் சோதிக்குமாறு எத்திணைக்களமும் கேட்பதில்லை. ரயரின் அமுக்கத்தை நாள்தோறும் அளப்பவர், இரத்த அமுக்கத்தைப் பற்றி மனைவி வினவினால், "அதெல்லாம் நோர்மல்" என்று அளக்காமலே அறிவிப்பார்.

அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லாமையைப் பெரும் அநீதியாகக் கண்டிக்கும் இவர், வழியில் புத்தளத்தில் முதுகு நிமிராமல் இறங்கி, அதனைத் தேநீர் இடைவேளை என வகைப்படுத்துவார். ஏ-9 வீதியில் செல்வோர் தேங்காய் உடைத்துக் கும்பிடும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலிலோ விளக்கமே வேண்டியதில்லை. அங்கே எவ்வளவு நேரம் குந்தியிருந்தாலும் ஊர் அதனைப் பக்தியென்றே கொள்ளும்.