வழுக்கை மண்டை மலை

என்ன பேராண்டி, மணாலிக்கு டிக்கெட் போட்டாச்சாமே? கம்பளிக் குல்லா, கறுப்புக் கண்ணாடி எல்லாம் தயாராமே? போய்ட்டு வா ராசா. அறந்தாங்கியில பொறந்தவனுக்கு வைக்கப்போரும் தண்ணி டேங்கும்தானே உசரம், ஆசை இருக்கத்தான் செய்யும்.

ஆனா இமயமலை சின்னப்பய, தெரிஞ்சுக்க. நம்ம நிலம் தெக்கேயிருந்து நகந்து போயி ஆசியா மேல முட்டி ஒரு 5 கோடி வருசந்தான் ஆவுது. நடுவுல கெடந்த கடல் என்னாகும்? சமுக்காளத்தை ஒரு பக்கமாத் தள்ளுனா மடிஞ்சு எழும்புதுல்ல, அப்புடி கடலடிச் சேறு கல்லாகி, மடிஞ்சு, 8,848 மீட்டர் ஏறிருச்சு. பூசையில வைக்கிற சாளக்கிராமத்தைத் திருப்பிப் பாரு. நத்தைக் கூடாட்டம் சுருள் தெரியும். நேபாளத்துக் கண்டகி ஆத்துல பொறுக்குன பழைய கடல் சீவன் அது. கடலைப் பாக்கவா அம்புட்டுச் செலவு? கட்டுமாவடிக்கு இங்கேருந்தே பஸ் இருக்கேப்பா.

முட்டல் இன்னும் ஓயல. வருசத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். பங்காளி வரப்பைத் தள்ளுற வேகந்தான்.

நம்ம நார்த்தாமலை வேற சாதிக் கல்லு. அனுமார் சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போகையில சிந்துன துண்டுன்னு உங்க அப்பத்தா சொல்லுவா. சரின்னு தலையாட்டிட்டுச் சாப்பிடு, சோறு முக்கியம். நெசத்துல அது பூமி வயித்துக்குள்ளயே ஆறி இறுகுன கொழம்பு. டைனோசருக்கெல்லாம் பாட்டன். அது எழும்பவே இல்லடா! மேல கெடந்தது, சுத்திக் கெடந்தது எல்லாம் மழையில கரைஞ்சு போச்சு. கரையாதது மலைன்னு பேரு வாங்கிருச்சு. நம்மூர்ல நாலு பெரிய மனுசன் ஆனதும் இந்தக் கணக்குலதான், பேரைச் சொன்னா எனக்கு டீ கிடைக்காது.

பாரம் போனா பாறையும் நிமிரும். மூட்டைய எறக்குனவன் முதுகு சொடக்கு விடுதே, அந்த மாதிரி விரிசல் விட்டு வெங்காயத்தோலாட்டம் பொளந்து பொளந்து உரியுது. அதான் மண்டை வழுக்கை. பள்ளத்துல தேங்குன தண்ணி சுனை.

நூறு ரூவாயில முடியிற சோலி. புதுக்கோட்டையில எறங்கி திருச்சி ரோட்டு பஸ்ஸைப் புடி. மேலமலையில விசயாலய சோழீச்சுரம் இருக்கு. சரிவுப் பாறையிலதான் ஏறணும். மத்தியானத்துல மட்டும் போயிடாத. கோயிலாச்சேன்னு செருப்பை அடிவாரத்துலயே கழட்டி வச்சுட்டு ஒரு சித்திரையில நான் ஏறுனேன். எறங்குறப்ப ஆடுன ஆட்டத்தைப் பாத்துட்டு, எனக்குச் சாமி வந்துருச்சுன்னு ஒரு அம்மா விபூதி பூசி விட்டுச்சு.