புறவன்தட்டுத் தேர்வியல்: மூலமும் உரையும்

பாயிரம்

வீட்டுக் கணினியில் உள்ளவற்றைக் காப்பாற்ற ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்னும் எண்ணம் குடும்பங்களில் எப்போது உதிக்கிறது என்பதை அறிஞர் உலகம் ஆராயாமல் விட்டுவிட்டது. கணினிக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்ட பிறகே உதிக்கிறது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அதற்கு முன் உதித்ததற்குச் சான்று ஏதும் கிட்டவில்லை. இத்துறைக்கு இலக்கணம் இல்லாத குறை நீங்க, நான்கு நூற்பாக்கள் இயற்றி உரையும் வரைந்திருக்கிறோம். மூலமும் உரையும் ஒரே கைச்சரக்கு. ஆகவே உரையாசிரியர் நூலாசிரியரைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று யாரும் மறுப்புக் கட்டுரை எழுத முடியாது.

1. பெட்டிமேல் பொறித்த அளவின் குறைந்தே
திரைமேல் தோன்றும் என்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கொள்ளளவு பற்றிய சண்டை தீர்த்தல் நுதலிற்று. 1 டிபி என்று போட்ட டிஸ்கை விண்டோஸ் கணினியில் செருகினால் 931 ஜிபிதான் காட்டும். மீதியைக் கடைக்காரர் தின்றுவிட்டதாகக் கருதிப் பில்லோடு திரும்பிப் போவாரும் உளர். டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி லட்சம் கோடி பைட் என்கிறார். விண்டோஸ் 1024, 1024-ஆக வகுத்துக் காட்டுகிறது. இரண்டும் சரியான கணக்கே. ‘என்ப’ என்று பிறர்மேல் வைத்துக் கூறியதனால் இவ்விதி மேக் கணினிக்குச் செல்லாது என்று கொள்க. அது 2009 முதல் டிஸ்க் செய்கிறவர் கணக்கிலேயே அளந்து வம்பிலிருந்து விலகிக்கொண்டது.

எத்தனை டிபி வாங்குவது எனின், கணினியில் உள்ளதைப்போல் இருமடங்கு. வீட்டில் கல்யாண வயதில் ஆள் இருந்தால் அதற்கும் மேல். முகூர்த்தம் மூன்று நிமிடம், பந்தி ஒரு மணி நேரம் என்று வீடியோக்காரர் எடுத்துத் தருவதில் சாம்பார் வாளியின் பயணத்தை நீக்க எந்தக் குடும்பமும் சம்மதித்ததில்லை. அந்தச் சட்டகங்களில்தான் பெரியப்பா இருக்கிறார்.

2. சிறியதற்கு ஒருகயிறு பெரியதற்கு இருகயிறு;
மின்போம் ஊரில் சிறியதே சிறப்பு.

ஈண்டுக் கயிறு என்றது ஒயரை. 2.5 அங்குல டிஸ்க், யுஎஸ்பி ஒயர் வழியாகவே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும். 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். கணினியை யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு, இடமில்லாமல் இந்த அடாப்டரை டிவி பக்கத்து பிளக்கில் சொருகுவது மரபு. கரண்ட் போனதும் கணினி உயிரோடு நிற்கும், பாதி எழுதிய டிஸ்க் நின்றுபோகும்.

சிறியதிலும் ஒயரை மறவற்க. பல டிஸ்குகளின் பக்கம் அதன் முனை தட்டையாக அகன்று, ஓரிடத்தில் வெட்டு விழுந்திருக்கும். இன்றைய போன்களின் டைப்-சி சார்ஜர் ஒயர் அதற்குச் சேராது. வீட்டில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும், பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

இனி வரலாறு. வரலாறு சொல்லாத ஆய்வை எவரும் மதிப்பதில்லை. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. கொண்டது ஐம்பது லட்சம் எழுத்து. எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் ஒரு நன்மை, யாரும் மேசையிலிருந்து தட்டிவிட முடியாது. இன்றைய டிஸ்கில் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர். ஓடும்போது தூக்கி மறுபக்கம் வைப்பவர் இதை எண்ணிப் பார்க்க. கீழே விழுந்தால் தாங்கும் எஸ்எஸ்டி வாங்கலாமே எனின், வாங்கலாம். விலை அதிகம், ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பூட்டி வைத்தால் பதிவு கசியவும் கூடும். சொற்ப விலைக்கு வரும் 16 டிபி எஸ்எஸ்டியைத் திறந்து பார்த்தால் சிறு மெமரி கார்டு ஒன்று ஒட்டியிருக்கும். அது இலக்கணத்துள் அடங்காது, காவல் நிலையத்துள் அடங்கும்.

3. கடையுள் பெயர்பல கருவுள் மூன்றே.

சுழலும் தட்டு செய்வோர் இன்று உலகில் மூவரே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மேலே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இம்மூவரில் ஒருவர். ‘அந்தக் கம்பெனி மட்டும் வேண்டாம்’ என்று மைத்துனர் ஒன்றையும் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்றையும் விலக்குவர். ஒவ்வொருவர் கோட்பாட்டுக்கும் ஆதாரம் ஒரே ஒரு டிஸ்கின் சாவு. வாரண்டி எத்தனை ஆண்டு என்பதும் அவ்வளவே. அது புது டிஸ்க் தரும், பழைய போட்டோ தராது.

பெட்டியில் எழுதாத ஒன்றுண்டு. மலிவான டிஸ்குகள் பலவற்றில் பதிவுத்தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓர் ஓட்டை மாற்ற அடுத்தவற்றையும் பெயர்க்க வேண்டுமாதலின், நெடுநேரம் எழுதினால் வேகம் படுத்துவிடும். இரவு போட்டுவிட்டுத் தூங்குவாருக்குக் கேடில்லை.

4. வெட்டி ஒட்டியது நகலெனப் படாஅது.

‘படாஅது’ என்னும் அளபெடை இசைநிறைக்க வந்ததன்று, அழுகை குறித்தது. சி டிரைவ் சிவப்பானதும் போட்டோ ஃபோல்டர் மொத்தத்தையும் ‘கட்’ செய்து புது டிஸ்கில் ‘பேஸ்ட்’ செய்வர். கணினி இலேசாகும், மனமும் இலேசாகும். முன்பும் ஒரு பிரதி, இப்போதும் ஒரு பிரதி. இப்போது அது மேசை விளிம்பில் இருக்கிறது. டிஸ்க் ஆராய்ச்சியில் ஒரு மாதம் கழித்த குடும்பங்களும் இந்த ஒரு விரல் அசைவில் தோற்கின்றன. ஆகவே எது வாங்குவது என்ற வினாவுக்கு இவ்வாய்வின் விடை, எதுவாயினும் இரண்டு.

புகைப்படக் கலைஞர் பீட்டர் கிராக் வகுத்த 3-2-1 கணக்கும் அதுவே: கணினியில் உள்ளதோடு சேர்த்து மூன்று பிரதி, இரு வகைப் பொருள், ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்றது அடுத்த அறையை அன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் தரைத்தள வீடுகளில் அறை பார்த்து ஏறவில்லை. அக்கா வீடு உத்தமம், மாடியாயின். வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றுக. 2017-இன் வானாக்ரை போல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்கள் செருகியிருந்த டிஸ்கையும் சேர்த்தே பூட்டும்.

எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பார்க்க. 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளைப் பிக்ஸாரில் யாரோ அழித்தபோது, பேக்கப் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வை சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள்.

புறனடை

நிறம் பற்றி நூற்பா செய்யாதது என்னை எனின், கடையில் கறுப்புதான் இருக்கும். நீலம் கேட்டால் ‘நாளைக்கு வந்துடும் சார்’ என்பார்கள்.