யாழுக்கு ஒரு மேடை

கேள்வி: பழைய இசையை அந்தக் காலக் கருவிகளிலேயே வாசித்து ஐரோப்பாவில் சிறு கச்சேரிகள் நடத்துகிறார்களாமே! மட்டக்களப்பில் நமக்கு என்ன இருக்கிறது?

பதில்: கல்லடியில் துயிலும் தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் இருக்கிறாரே! 1892இல் காரைதீவில் பிறந்தவர். ஐரோப்பியருக்கு அருங்காட்சியகத்தில் பழைய கருவியே கிடைத்தது; இவருக்குக் கிடைத்தவை செய்யுளும் சிற்பமும்தான். சிலப்பதிகார அரங்கேற்று காதையைக் கணித ஆசிரியரின் கண்ணோடு படித்து, மறைந்துபோன யாழின் நரம்புகளுக்குச் சுருதிக் கணக்குப் போட்டார். 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அவரது ‘யாழ் நூல்’ அரங்கேறியபோது, அந்தக் கணக்குப்படி செய்த யாழ்கள் ஊர்வலமாக வந்து ஒலித்தன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

பாடும் மீனைக் கேட்கப் பௌர்ணமி இரவில் வாவிக்குத் தோணி விடுகிறோம்; யாழைக் கேட்கவும் அப்படி ஓர் இரவு வைக்கலாம். கல்லடியில் அவர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. பௌர்ணமிப் போயா தினத்துக்கு ஒரு யாழ், ஐம்பது நாற்காலி. அங்கேயே தொடங்கலாமே!