ஆர்டரைத் தட்டிப் பறித்தால் வழக்கு உண்டா?

கேள்வி: எனக்குக் கிடைக்கவிருந்த கல்யாணச் சாப்பாட்டு ஆர்டரை, விலையைக் குறைத்துச் சொல்லி இன்னொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். வழக்குப் போடலாமா?
- உணவக உரிமையாளர், பெட்டாலிங் ஜெயா

பதில்: அவர் பீரங்கி ஏதும் வெடித்தாரா?

கிண்டலில்லை. 1793-இல் லண்டன் நீதிமன்றம் பார்த்த வழக்கு அப்படித்தான். கேமரூன் கரையோரம் போட்டிக் கப்பலோடு வியாபாரம் பேச வந்த ஆப்பிரிக்கர்களின் படகை நோக்கி ஒரு கப்பல் தலைவர் பீரங்கியால் சுட்டார். ஒருவர் செத்தார், வியாபாரமும் கெட்டது. ஒப்பந்தம் என்று எதுவும் அதுவரை ஏற்படவில்லை. ஆனாலும் போட்டிக் கப்பல்காரர் நஷ்டஈடு கேட்கலாம் என்றார் நீதிபதி கென்யன் பிரபு. (செத்தவருக்காக யாரும் வழக்காடவில்லை என்பது அந்தக் காலத்து நியாயம்!)

விலைக் குறைப்பு வேறு சங்கதி. சீனத் தேயிலை ஏற்றுவதில் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கி மொகல் என்ற கப்பல் கம்பெனியை விரட்டியது ஒரு கப்பல் கூட்டணி. 1891-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அதில் குற்றம் காணவில்லை. 2007-இல் அதே சபை, இப்படிப்பட்ட வழக்கு நிற்க நஷ்டப்படுத்தும் நோக்கத்தோடு சட்டவிரோத வழியும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டது.

தீபகற்ப மலேசியாவில் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பின்பற்ற வழிசெய்வது 1956 சிவில் சட்டம். ஆகவே போட்டியாளர் மணமகள் வீட்டாரை ஆள்வைத்து மிரட்டியிருந்தால், சாட்சியோடு வக்கீலைப் பாருங்கள். வெறும் விலைதான் என்றால், ரிங்கிட்டை மிச்சம் பிடித்து அடுத்த முகூர்த்தத்துக்கு மெனுவைத் திருத்துங்கள்.