நாயகனுக்கு ஒரு விதிவிலக்கு

ஒரு பெண் எந்தப் புத்தகத்தை நாலு பேர் பார்க்கக் கையில் வைத்திருக்கலாம், எதைத் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல இந்த ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. புத்தகக் காட்சியில் பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' வாங்கினால் தோழர்களின் முகம் மலர்கிறது. அதே பையிலிருந்து ரமணிசந்திரனின் காதல் நாவல் எட்டிப் பார்த்தால் போச்சு. "இதையெல்லாம் இன்னுமா படிக்கிறீங்க?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். நான் இரண்டையும் படிக்கிறவள். இரண்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மேல் அதைவிட அதிகம்.

ரமணிசந்திரன் இன்றைய கணக்கில் பரம சாது. இப்போது கைப்பேசியில், பிரதிலிபியிலும் கிண்டிலிலும் ஓடுகிறது 'ஆன்டி ஹீரோ' ராஜ்ஜியம். நாயகன் ஆறடி, கோடீஸ்வரன், சிரிக்கத் தெரியாதவன். அவளுடைய அண்ணன் செய்த ஏதோ ஒரு துரோகத்துக்கு, அவள் கழுத்தில் கட்டாயத் தாலி கட்டிப் பழி தீர்க்கிறான். முதலிரவில் அவன் செய்வதற்கு நம் மொழியில் ஒரே பெயர்தான் உண்டு; கதையில் அதற்கு 'ஆளுமை' என்று பெயர். முப்பது எபி (எபிசோடுக்குச் செல்லப்பெயர்) கழித்து ஒரு மழை, ஒரு காய்ச்சல், ஒரு கிண்ணம் கஞ்சி. அவன் மனம் திருந்துகிறான். அவளுக்கு இரட்டைக் குழந்தை. கீழே நூறு பேர் கேட்கிறார்கள்: "அடுத்த யூடி (அப்டேட்) எப்போ சிஸ்?" திட்டிக்கொண்டே நானும் காத்திருக்கிறேன்.

இதில் என்னதான் கிளுகிளுப்பு என்று கேட்கும் அறிவுஜீவிகளுக்கு ஒரு தகவல். கட்டில் காட்சிகளைப் பலர் விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். நின்று படிப்பது கடைசி எபியை. அதில் அவன் மன்னிப்புக் கேட்கிறான். வாய் திறந்து, முழு வாக்கியமாக, அவள் பெயர் சொல்லி. எத்தனை வீட்டில் கணவன் அப்படிக் கேட்டிருக்கிறான்? நடக்கவே நடக்காத ஒன்றைப் படித்து உடல் சிலிர்ப்பதற்குத்தானே காமக்கதை என்று பெயர்? அப்படிப் பார்த்தால் தமிழின் உச்சபட்ச ஆபாசம் அந்த மன்னிப்புக் காட்சிதான்.

பின் அடித்த மஞ்சள் புத்தகத்தைப் பேருந்து நிலையத்தில் வாங்கி, செய்தித்தாளுக்குள் சொருகிப் படித்து வளர்ந்த தலைமுறைதான் இன்று மேடையேறிப் பெண்களின் வாசிப்புத் தரம் பற்றிக் கவலைப்படுகிறது. அவர்கள் படித்தது வயசுக் கோளாறு, நாங்கள் படிப்பது சமூகச் சீரழிவு!

சரி, பெரியாருக்கு வருவோம். அந்தச் சின்னப் புத்தகத்தில் பத்துக் கட்டுரைகள். முதல் கட்டுரையே கற்பில் கை வைக்கிறது, இரண்டாவது வள்ளுவரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறது. கர்ப்பத்தடை பற்றிய கட்டுரையில், மற்றவர்கள் நாட்டு நலம், குடும்ப வறுமை என்று காரணம் அடுக்க, பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும், அதற்காகவே கர்ப்பத்தடை என்கிறார். பத்தாவது, 'ஆண்மை' அழிய வேண்டும் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. மேடையில் இந்த நூலை முழங்கும் தோழர்கள் பலர் அட்டையைத் தாண்டவில்லை என்பது என் சந்தேகம். பத்தாவது கட்டுரை வரைக்கும் போனவர், வீட்டுக்கு வந்ததும் "காபி" என்று காற்றில் குரல் விடமாட்டார்.

எனக்கு அந்தப் பெரியவரோடும் தகராறு உண்டு. காதல் கட்டுரையில் அதன் தெய்வீகத்தை உரித்துத் தோரணமாகத் தொங்கவிடுகிறார். நியாயம்தான். அதைப் படித்த பிறகு எந்த நாயகனைப் பார்த்தாலும் எலும்பு தெரிகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்த எபியை நிம்மதியாகத் திறக்க முடியவில்லை. திறக்காமலும் இருக்க முடியவில்லை.

பெண்ணுக்கு விடுதலை கொடு, ஆசையை மட்டும் கத்தரித்துவிடு என்ற வைத்தியம் நம் சீர்திருத்தத்துக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனம்' என்று தெலுங்கில் ஒரு காவியம் எழுதினார். கோபித்துக்கொண்ட ராதையைக் கண்ணன் கெஞ்சிச் சமாதானம் செய்கிற கதை. கடைசி எபி மன்னிப்பை அன்றே எழுதிவிட்ட மகராசி! விதவை மறுமணத்துக்காக ஊரைப் பகைத்துக்கொண்ட பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. ஒரு பெண் வாயில் வரக்கூடிய பேச்சா இது என்று கவிஞரின் ஒழுக்கத்தையே இழுத்தார். கணவனை இழந்தவள் மறுபடி மணக்கலாம், ஆனால் அவளுக்கு ஆசை இருந்ததாக வெளியே தெரியக்கூடாது. அதுதான் ஏற்பாடு.

பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சும்மா விடவில்லை. பாடல்களை வெட்டி வெளியிட்ட பழைய பதிப்பை ஒதுக்கிவிட்டு, 1910இல் நூலை முழுதாகப் பதிப்பித்தார். வெட்கம் பெண்களுக்கு மட்டுமா, ஆண்களுக்குக் கிடையாதா என்று முன்னுரையில் கேட்டார். பதில் போலீஸ் வழியாக வந்தது. பிரதிகள் பறிபோயின, புத்தகத்துக்குத் தடை. அது நீங்க 1947 ஆயிற்று. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியதும் இதே அம்மாள்தான். அதை மட்டும் பக்தியோடு நினைவு வைத்திருக்கிறோம்.

வள்ளுவருக்கே விலக்கில்லை. வீரமாமுனிவர் குறளை லத்தீனில் பெயர்த்தபோது காமத்துப்பாலைத் தொடவில்லை. அவர் பாதிரியார், போகட்டும். 2016இல் குறளைப் பள்ளியில் கற்பிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது சொன்ன கணக்கு 108 அதிகாரம். நூலில் இருப்பது 133. மிச்சம் 25 எது என்று உங்களுக்குத் தெரியும். பொருளும் அறமும் பிள்ளைகள் படிக்கட்டும். பிரிந்தவனை நினைத்து ஒருத்தி உருகுவது மட்டும் பாடத்துக்கு ஆகாது. உருகுவதை அவர்கள் சினிமாவில் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவன் பின்னாலேயே வருகிறான்.

அதனால் 'ஆன்டி ஹீரோ' கதைகளை எழுதும் சகோதரிகளைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம். அந்தக் கதைச் சுருக்கம் அவர்கள் கற்பனை இல்லை, இந்திய அரசின் வெளியீடு. மணந்துவிட்டால் மனைவியின் சம்மதம் தேவையில்லை என்பது பழைய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவிலேயே, இரண்டாவது விதிவிலக்காக இருந்தது. அந்த விலக்கை எடுத்துவிடுங்கள் என்று 2013இல் நீதிபதி வர்மா குழு சொன்னது. 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில், கணவன் செய்வதை வல்லுறவுக் குற்றம் என்பது மிதமிஞ்சிய கடுமை என்று பிரமாணப் பத்திரம் போட்டது. கதாசிரியைக்கு முப்பது எபி தேவைப்படுவதை அரசு ஒரே வரியில் முடித்துவிட்டது. அதில் கஞ்சி இல்லை, காய்ச்சல் இல்லை, மன்னிப்புக் காட்சியும் இல்லை.

பெண்களின் மலிவு ரசனையைக் கண்டித்துக் கட்டுரை எழுத உட்காரும் தோழர்களே, பேனாவைத் திறந்த கையோடு இதையும் எழுதுங்கள். காலனியச் சட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்ற கொண்டாட்டத்தோடு 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண் 375 என்பது 63 ஆக மாறியது. இரண்டாவது விதிவிலக்கு இன்னும் இருக்கிறது.